மே மாதத்தில் தக்காளி, மிளகாய் நாற்று ஏன் எழும்பவில்லை?

காரைக்குடியில் மொட்டை மாடியில் போட்ட தக்காளியும் மிளகாயும் பாதிகூட முளைக்கவில்லை, முளைத்ததும் அடித்தண்டு ஒடுங்கிச் சாய்கிறது, வெயில்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான். ஆனால் செய்தியில் சொல்கிற வெயிலை விட்டுவிடுங்கள், தட்டு மண்ணின் சூட்டைப் பாருங்கள்.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் போன கோடையில் மதியம் 2 மணிக்குக் நாற்று விடும் கறுப்புக் குழித்தட்டில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். நிழலில் 38 டிகிரி, தட்டில் மண்ணுக்குப் பதில் நிரப்பிய தென்னை நார்க்கழிவுக்குள் 45! தக்காளி, மிளகாய், கத்தரி விதைக்கு 25 முதல் 30 டிகிரிதான் பிடித்த சூடு. அதில் தக்காளி ஒரு வாரத்தில் கழுத்தை வளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், மிளகாய்க்கு இன்னும் சில நாள். 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறையும், 40-ல் ஏறக்குறைய நின்றே போகும்.

சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு காய்ந்து நூலாகி, வேர் மட்டும் வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் சூடு சுட்டது. கொழகொழவென்று இருந்தால் நாற்றழுகல், அதாவது ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழுகும் நோய், தண்ணீரைக் குறையுங்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. அதுவும் மாடித் தொட்டித் தண்ணீரை மதியத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள், கையை நீட்டினாலே சுடும்.

நான் தட்டுகளை ஆச்சி வீட்டு வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள் இறக்கினேன். சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் அங்கே குளுமையாக வைத்திருக்கும். முதலில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் தூணோரம் வைத்தேன். வெளிச்சம் போதாமல் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று போனது. முற்றத்தின் ஓரத்துக்கு, காலை வெயில் 10 மணிவரை விழும் இடத்துக்கு மாற்றிய பிறகுதான் தண்டு தடித்தது. முற்றம் இல்லாவிட்டால் மாடியிலேயே 50 சதவீத நிழல்வலையை உயரத்தில் கட்டி, தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள்.

மே மாதத்துக்கு வெண்டை, கொத்தவரை, பீர்க்கு போடலாம், அவை 35 டிகிரியிலும் முளைக்கும். மிளகாய் நாற்றுக்கு 40 நாளும் தக்காளிக்கு 25 நாளும் வேண்டும். அதனால் ஆடிப்பட்டத்துக்கு மிளகாயை வைகாசிக் கடைசியிலும் தக்காளியை ஆனி நடுவிலும் விதையுங்கள். இப்போது நிமிர்ந்து நிற்கும் நாற்றுகளைத் தூக்கி எறிய வேண்டாம், இன்றைக்கே நிழலுக்கு மாற்றினால் அவை பிழைக்க வாய்ப்பு உண்டு.