கொழும்பு வெள்ளவத்தையில் அத்திவாரம் வெட்டும்போது வந்த கல்லில் உயிர்ச்சுவடு, அதாவது பழைய உயிரினத்தின் பதிவு, இருக்குமா?

இருக்காது. கொழும்புக்கு அடியில், ஏன் இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு அடியில், இருப்பது ஆழத்தில் வெந்து நெருக்குண்டு உருமாறிய மிகப் பழைய பாறை, 50 கோடி வருஷத்துக்கும் மூத்தது, அந்தச் சூட்டில் எந்தச் சிப்பி ஓடும் இலையும் தப்பாது.

சரி, உயிர்ச்சுவடு பார்க்க வேண்டுமென்றால் புத்தளம் பக்கம் போங்கள். தப்போவவில் இருப்பது டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்து ஷேல், அதாவது அசையாத நன்னீரில் மெல்லிய சேறு படலம் படலமாகப் படிந்து இறுகிய கல், தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும், உள்ளே பன்ன இலையின் நரம்புகூடத் தெரியும். எனக்கு இதைவிட அழகான கல் கிடையாது.

அதே புத்தளம் பக்கத்து அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் வேறு கதை. அது ஜுராசிக்குக்கு மிகப் பிந்திய மயோசீன் காலத்துக் கடலில் உண்டானது, ஆகவே அதில் சிப்பிகள், சுறாப் பல் எல்லாம் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தெரியும் வெள்ளைக் கல்லும் அதே காலத்ததுதான். அருவக்காட்டில் அந்தக் கல்லைச் சீமெந்துக்காக வெடி வைத்து எடுக்கிறார்கள், உடைபடும் ஒவ்வொரு பாளத்தோடும் ஒரு பழைய கடல் போகிறது என்பதுதான் என் கவலை.