இரண்டு ஊசி போட்டும் ஒன்றுதானா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்குத் தமிழ்நாட்டில் 9, 16 மாதங்களில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டாயிற்று. 'தட்டம்மைக்கு ஒரு டோஸ் குறைகிறது' என்று சம்மர் கேம்ப்பில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: அவர்கள் கணக்கு சரிதான். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை அமெரிக்காவில் டோஸாக எண்ணுவதில்லை. நான்கு நாள் வரை சலுகை உண்டு, அவ்வளவுதான். அதனால் 9 மாத ஊசி கழிந்துவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அந்த வயதில் மிச்சமிருந்தால் ஊசி முழுதாகப் பிடிக்காது என்பதே காரணம். இங்கே இந்தியாவில் தட்டம்மை சீக்கிரமே தொற்றும் என்பதால் 9 மாதத்தில் போடுகிறோம், அதுவும் நியாயமே.

தட்டம்மைக்கு இன்னும் ஒன்று போதும். ஆனால் எம்.ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. அதற்கும் இரண்டு டோஸ் கேட்டால் 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். (மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட வேண்டியிருக்கும், கூடுதல் டோஸால் கெடுதல் இல்லை. சின்னம்மை ஊசியும் பாக்கி என்றால் அதே நாளில் போடுங்கள், தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையில் 03/07 என்றிருந்தால் நமக்கு ஜூலை 3, அங்கே மார்ச் 7! மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.