தர்மபுரி பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை, ஏழைக் கல்லூரி மாணவர்களுக்காக நிதி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பென்னாகரம் பக்கம் நண்பர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறார்கள். டிகிரி படிக்கும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவ வேண்டும். ஓசூர் கம்பெனிகளிடமும் பெரிய அறக்கட்டளைகளிடமும் கேட்கலாம் என்று எண்ணம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நான் அரூர்ப் பக்கம் இதே போன்ற ஒரு சிறிய அறக்கட்டளையில் இருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவதும், வந்த பணத்துக்குக் கணக்குக் கொடுப்பதும் என் பொறுப்பு. பதிவு, படிவம் எல்லாம் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எந்தச் செலவுக்கு, எந்த மாதத்தில் கையில் காசு இல்லாமல் போகிறது?

இது ஏன் முக்கியம் என்றால், "ஏழை மாணவர்களின் கல்விக் கட்டணத்துக்கு உதவி வேண்டும்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு உடனே தோன்றுவது, அதைத்தான் அரசாங்கம் கொடுக்கிறதே என்பதுதான். அது நியாயமும்கூட. அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்கு டியூஷன் கட்டணம் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000. டெக்னிக்கல் படிப்பில் சேரும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ-யின் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000.

இவ்வளவும் இருக்கிறது. அப்படியும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்த முதல் வருடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சித்தேரி மலையில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு இது தெளிவாகப் புரிந்தது. அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் பாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து அதிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, கல்லூரி ரசீது என எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஸ்காலர்ஷிப் எல்லாம் வரும் சார். வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றது.

அந்த "வர்ற வரைக்கும்" என்பதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். கல்லூரி ஜூன், ஜூலையில் திறக்கிறது. சேர்க்கையன்று கட்ட வேண்டிய சிறு கட்டணங்களை அன்றைக்கே கட்டியாக வேண்டும். அரசு விடுதியில் இடம் ஒதுக்கிப் பட்டியல் வர நாளாகும். அதுவரை வாடகை ரூமில் நாலைந்து பேராகத் தங்கிக் கடையில் சாப்பிட வேண்டும். கல்லூரி மாணவர் விவரங்களை அரசின் யுமிஸ் தளத்தில் ஏற்றி, வங்கிக் கணக்கு சரிபார்த்து, மாதம் 1,000 கைக்கு வரும்போது முதல் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். அதற்குள் தேர்வுக் கட்டணம் வந்துவிடும். அப்பா பெங்களூரிலிருந்து போன் செய்து, "இங்க வந்தா தினமும் கூலி கிடைக்கும், ஒரு வருஷம் கழிச்சுப் படிச்சுக்கலாம்" என்பார். அவர்மேல் தவறில்லை, அவருக்குக் கடன் இருக்கிறது. ஆனால் அப்படிப் போன பையன் திரும்பி வருவது மிக அரிது. பெண் என்றால் அந்த இடைவெளியில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் இது இன்னமும் தீராத பிரச்சினை.

ஆகவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "பென்னாகரம் வட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு அரசுக் கல்லூரியில் சேரும் 15 மாணவர்களுக்கு, அரசு உதவித்தொகை கைக்கு வரும்வரை ஜூன் முதல் அக்டோபர் வரையான சேர்க்கைச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, முதல் செமஸ்டர் தேர்வுக் கட்டணம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வுக் கட்டணமும் புத்தகமும்." இதைப் படிக்கிறவருக்கு யாருக்கு, எதற்கு, எப்போது என்பது ஒரே மூச்சில் தெரிந்துவிடும். அதன் கீழே, எந்தச் செலவை எந்த அரசுத் திட்டம் ஏற்கிறது, எதை யாரும் ஏற்பதில்லை என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். நாங்கள் அனுப்பியதில் மறுபடியும் போன் செய்து விவரம் கேட்க வைத்தது இந்த அட்டவணைதான்.

இன்னொன்றையும் சேருங்கள், இதற்கு ஒரு பைசா செலவில்லை. அரசின் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும். பிள்ளை கல்லூரியில் கொடுத்த கணக்கு ஒன்று, ஆதார் இணைந்திருப்பது எப்போதோ திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கு. பணம் அங்கே போய்ச் சும்மா கிடக்கும், பிள்ளை வரவில்லை என்று அழும். சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்பதும் இதே வகை. உங்கள் ஆள் ஒருவர் கூடவே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் போய் இதைச் சரிசெய்து கொடுத்தால், நீங்கள் தரும் உதவியைவிடப் பெரிய தொகை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும். இதை ஒரு தனிச் செயல்பாடாகவே விண்ணப்பத்தில் எழுதலாம்.

சரி, இப்போது காகிதங்கள். அறக்கட்டளைப் பத்திரம், பான், அறக்கட்டளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் ஆடிட் செய்த கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு ஆகியவை அடிப்படை. வருமான வரித்துறையில் 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவு இரண்டும் வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு தருவார்கள், பிறகு முறையான பதிவுக்குப் போக வேண்டும். புதிய வருமான வரிச் சட்டத்தால் 2026 ஏப்ரலிலிருந்து பிரிவு எண்களும் படிவங்களும் மாறுவதால் இதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவிடும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமானால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். இதே வகைப் பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும் என்பதும் விதி.

உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். அந்த வருடங்களில் உள்ளூர் நன்கொடையில் ஐந்து பிள்ளைகளுக்குச் செய்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்திருங்கள். பின்னால் கம்பெனி கேட்கும் அனுபவம் என்பது அந்த ஃபைல்தான். கிருஷ்ணகிரிப் பக்க மாங்கூழ் ஆலைக்காரர்கள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து படித்துப் போய் ஓசூரிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்குகிறவர்கள் எனக் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். நன்கொடையை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது, சொந்த மாமாவாக இருந்தாலும் சரி.

கம்பெனிகள் விஷயத்துக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே பிரிவு. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்றவற்றின் ஆலைகள் ஓசூரில் இருப்பது நமக்கு நல்லது. ஆனால் பெயர் பெரியது என்பதற்காக அங்கேயே முதலில் ஓடாதீர்கள். அவர்களில் பலருக்குச் சொந்த அறக்கட்டளையே இருக்கும். பெயர் அதிகம் வெளியே தெரியாத உதிரிபாகக் கம்பெனிகள் சிப்காட்டில் நிறைய உண்டு. அவர்களுக்கும் இந்தக் கடமை இருக்கிறது, செய்து தர நம்பகமான ஆள்தான் இருக்காது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சிஎஸ்ஆர் கொள்கையையும் ஒப்புதல் தந்த திட்டங்களையும் இணையதளத்தில் போட்டாக வேண்டும். மத்திய அரசின் சிஎஸ்ஆர் தளத்தில் மாவட்ட வாரியாக யார் எவ்வளவு செலவிட்டார்கள் என்றும் பார்க்கலாம். இதைப் படிக்காமல் கடிதம் எழுதாதீர்கள். கண் மருத்துவமும் குடிநீரும் மட்டும் செய்கிற கம்பெனியிடம் படிப்புக்குக் கேட்டால் இரண்டு பக்கமும் நேரம்தான் வீண்.

அப்புறம், கம்பெனிக்கு ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது, நம் பிள்ளைக்கு ஜூனில் பிறக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு மே மாதம் விண்ணப்பித்தால் பணம் தீபாவளிக்குத்தான் வரும். ஜனவரி, பிப்ரவரியிலேயே அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். இதில் மதிப்பெண்ணை மட்டும் வைக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 85 சதவீதம் எடுத்தவருக்கு மட்டும் என்று வைத்தால் மலைக்கிராமத்து உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். அந்த மதிப்பெண் எடுத்தவருக்கு வேறு பல வாசல்கள் திறந்திருக்கின்றன. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இவற்றைத்தான்: வீட்டில் சம்பாதிப்பவர் எத்தனை மாதம் ஊரில் இருக்கிறார், தனித்த தாயா, கல்லூரிக்கு நேரடி பஸ் உண்டா, தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வட்டிக்கு வாங்கிய கடன் உண்டா. அகரம் போன்ற பெரிய அமைப்புகளும் வீடு தேடிப் போய்த்தான் தேர்வு செய்கின்றன. வேறு உதவி கிடைக்கும் பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு, உங்கள் இடத்தை யாருமில்லாத பிள்ளைக்கு வையுங்கள். வீட்டுக்குப் போகிறவர்களில் ஒரு பெண் இருக்கட்டும். பாட்டியும் அம்மாவும் அவரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பிள்ளையின் மானம் முக்கியம். ஆதார் நகலை வாட்ஸாப் குழுவில் போடுவது, மேடையில் அட்டைச் செக்கைப் பிடித்து நிற்க வைப்பது எதுவும் வேண்டாம். ஒரு கம்பெனி, பிள்ளைகள் எல்லோரும் கம்பெனிப் பெயர் போட்ட டீ-சர்ட்டில் நிற்கும் படம் வேண்டும் என்று கேட்டது. கல்லூரி முதல்வரின் கடிதமும் மதிப்பெண் விவரமும் தருகிறோம், படம் தர முடியாது என்று பணிவாகச் சொன்னோம். அந்த நன்கொடை வரவில்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. இதை விண்ணப்பத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் பின்னால் சங்கடம் இருக்காது.

மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வருடம்தான் தருவோம் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு ஒதுக்க அனுமதி கேளுங்கள். முப்பது பேருக்கு ஒரு வருடம் கொடுத்துவிட்டு நடுவில் கைவிடுவதைவிட, பத்துப் பேரை டிகிரி வாங்கும்வரை கூட்டிப்போவது எவ்வளவோ மேல்.

பணம் வந்தபிறகு ரசீதுகளோடு பயன்பாட்டுச் சான்றிதழைச் சொன்ன தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு பையன் நின்றுவிட்டால் மறைக்காதீர்கள். ஏன் நின்றான், நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், அவன் பங்குப் பணம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அரியர் விழுந்தாலும் அப்படியே. எல்லாப் பிள்ளையும் முதல் வகுப்பு என்று எழுதும் அறிக்கையை அனுபவமுள்ள யாரும் நம்புவதில்லை.

மாணவர்களைத் தேடுவதற்கு, பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களுக்காக மாவட்ட நிர்வாகம் நடத்தும் "உயர்வுக்குப் படி" முகாம்களுக்குப் போங்கள். அங்கே பெயர்ப் பட்டியலோடு தலைமை ஆசிரியர்களும் வருவார்கள். எந்தப் பிள்ளை ஏன் சேரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் முதல் விண்ணப்பத்துக்கான விவரத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.