பிரைட்டன், தேறுதல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து என் மனைவி இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். லண்டனில் இருக்கும் மகள் ஜூன் மாதம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு நாள் பிரைட்டன் போய் இருக்கலாம் என்கிறாள். போய்வந்த நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். கடற்கரையில் மணலே இல்லையாம், எல்லாம் கூழாங்கல். வாரக் கடைசியில் இளசுகளின் கூத்தும் குடியும். அரண்மனை என்று ஒன்று உண்டு, அது நம் தாஜ்மகாலின் மலிவு நகல். மொத்தத்தில் நமக்கு அங்கே ஒன்றுமில்லை என்கிறார்கள். நீங்கள் அந்த ஊரில் கொஞ்சநாள் இருந்ததாக எழுதிய நினைவு. போகலாமா? போனால் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?

கதிரேசன்

அன்புள்ள கதிரேசன்,

உங்கள் கடிதம் வந்தபோது என் தங்கை பக்கத்து அறையில் படுத்திருந்தாள். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த சீட்டில் ஏழு மாத்திரைகளின் பெயர் இருக்கிறது. அடுத்த இரண்டு மாதம் அவள் எப்படி உட்கார வேண்டும், எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்று ஒரு வரி இல்லை. நோயை வெட்டி எடுக்க இடமிருக்கிறது, தேறுவதற்கு இடமில்லை. பல வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு தேறுவதற்கும் துக்கத்தில் தேறுதல் சொல்வதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் முழுதாகப் புரிந்துகொண்டது நீங்கள் கேட்கும் அந்த ஊரில்தான்.

கணவர் இறந்த வருஷம் நவம்பரில் தோழி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பிரைட்டனை ஒட்டிய ஹோவ் பகுதி. மூன்று வாரம். எதையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கடலுக்குப் போய்க் கல்லின்மேல் உட்காருவேன். ஆமாம், மணல் இல்லை. அலை ஏறும்போது சத்தம் அதிகமில்லை. இறங்கும்போதுதான் ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கீழே உருளும். பெரிய சுளகில் பருப்பைப் போட்டு யாரோ மெதுவாகச் சரிப்பது போல இருக்கும். எதிரே வெஸ்ட் பியர், கடலுக்குள் நீட்டிக் கட்டிய உல்லாச மேடை. 1866இல் கட்டி, 1975இல் மூடி, 2003இல் தீப்பிடித்து, இப்போது கடலுக்குள் இரும்புக்கூடாக நிற்கிறது. பொழுது சாயும்போது அதன்மேல் ஸ்டார்லிங் பறவைகள் கூட்டமாக வந்து சுழலும். ஒருநாள் எழுபது வயதிருக்கும் அம்மாள் ஒருவர் அந்தக் குளிரில் கடலிலிருந்து எழுந்துவந்தார். தோலெல்லாம் சிவந்திருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி, முதலில் எனக்கு நீட்டினார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. குடித்தோம். அவ்வளவுதான்.

‘கூத்தும் குடியும்’ என்று எழுதுகிறீர்களே, அந்த ஊரைக் கட்டியதே நோயாளிகள்தான். பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று பெயர் கொண்ட மீன்பிடி ஊர் அது. லூயிஸ் என்ற பக்கத்து ஊரின் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று 1750இல் லத்தீனில் நூல் எழுதினார். குளிக்க மட்டுமில்லை, குடிக்கவும் சொன்னார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குதிரை பூட்டிய மரவண்டியைக் கடலுக்குள் இறக்கி, நோயாளியைப் படியில் இறங்கச்செய்து, இடுப்பளவு நீரில் நிற்கும் பெண்கள் கையால் பிடித்து முக்கி எடுப்பார்கள். டிப்பர் என்று அவர்களுக்குப் பெயர். மார்த்தா கன் என்ற டிப்பரின் கல்லறை செயின்ட் நிக்கலஸ் தேவாலய முற்றத்தில் இருக்கிறது.

அதே முற்றத்தில் இன்னொரு கல்லறையும் உண்டு. நமக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன உங்கள் நண்பர்களை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஷேக் தீன் முகமது, 1759இல் பாட்னாவில் பிறந்தவர். பிரைட்டன் கடலோரத்தில் மூலிகை நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். நோயாளியை ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கச்செய்வார். கூடாரத்தில் தைத்த சட்டைக்கைகள் வழியாகக் கையை உள்ளே விட்டு உடம்பைப் பிடித்துவிடுவார்கள். நடக்க முடிந்தவர்கள் ஊன்றுகோலை அங்கேயே விட்டுப்போக, அவை சுவரில் தொங்கினவாம். நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் அவர்தான் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’. நாம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூ என்ற சொல், அமுக்குவது என்ற பொருளில் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

இனி அரண்மனை. ராயல் பெவிலியன் என்று பெயர். நகல்தான், ஒத்துக்கொள்கிறேன். 1815இல் வேலையைத் தொடங்கிய ஜான் நாஷ் இந்தியாவை எட்டிப் பார்த்தவரில்லை. படங்களைப் பார்த்து இரும்புச் சட்டத்தின்மேல் குவிமாடம் எழுப்பினார். இளவரசர் ஒருவரின் ஆசைமாளிகை. ஆனால் நகல் என்று சொல்லித் திரும்பி நடப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. 1914 டிசம்பரில் அந்தக் குவிமாடங்களுக்குக் கீழே உண்மையான இந்தியர்களைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். முதல் உலகப்போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் காயம்பட்ட சிப்பாய்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டில்கள். இன்று கச்சேரி நடக்கும் டோம், அந்த இளவரசரின் குதிரைலாயமாக இருந்தது. அதன் வட்டக்கூரையின் கீழே கட்டில் வரிசைகளைப் பழைய புகைப்படத்தில் பார்க்கலாம். பெரிய சமையலறை அறுவை சிகிச்சைக் கூடமானது. மதமும் சாதியும் பார்த்துத் தனித்தனியாக 9 அடுக்களைகள், வார்டில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் வேறு வேறு தண்ணீர்க் குழாய். சாதியும் கூடவே கப்பலேறி வந்திருந்தது.

அந்த 9 அடுக்களைகளைப் பெருந்தன்மை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பராமரிப்பு நல்ல பராமரிப்புதான், அதை நான் குறைக்கவில்லை. ஆனால் மைதானத்தைச் சுற்றி வேலி இருந்தது. தேறிய சிப்பாய் தன் இஷ்டத்துக்கு ஊருக்குள் போக முடியாது. வெள்ளைக்காரப் பெண்கள் தொட்டுச் செவிலி வேலை செய்வதைத் தடுத்தார்கள். ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள். அரசர் உங்களுக்காகத் தன் அரண்மனையையே விட்டுக்கொடுத்தார் என்று பிரச்சாரம் வேறு. அந்தக் கட்டடத்தை விக்டோரியா காலத்தில், 1850இலேயே ஊர் விலைக்கு வாங்கிவிட்டது! காயத்தை ஆற்றினார்கள், தேற விடவில்லை. கடலோரக் கல்லில் தனியாக உட்கார அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? இதைப் பத்துத் தடவை சொல்வேன். முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

பிழைக்காதவர்களில் முஸ்லிம்களை வோக்கிங்கில், மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வடக்கே புல்மேட்டில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். 53 பேர். அந்த இடத்தில் எட்டுத் தூண்களோடு வெள்ளைப் பளிங்குச் சத்ரி, குடை போன்ற நினைவு மண்டபம், நிற்கிறது. 1921 பிப்ரவரியில் திறந்தது. பேட்சம் பக்கமிருந்து நடந்துதான் ஏற வேண்டும், வண்டி போகாது. தோழியோடு நான் ஏறிய அன்று ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் காற்றில் வந்து வந்து போனது. சத்ரியின் கீழே மூன்று கிரானைட் பலகைகள். சிதை அடுக்கிய மேடைகளை மூடியவை. நடுப்பலகையில் மழைநீர் தேங்கியிருந்தது. தோழி கைக்குட்டையால் அதை ஒற்றி எடுத்தாள். சுடுகாட்டிலிருந்து வந்தபிறகு நான் வாய்விட்டு அழுதது அங்கேதான், முன்பின் தெரியாத பையன்களுக்காக. இறங்கிவந்து அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று கேட்டீர்கள். பாலஸ் பியர், லேன்ஸ் சந்துகள், 1883 முதல் கடலோரம் ஓடும் வோல்க்ஸ் மின்ரயில் எல்லாம் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், சைவம் தாராளமாகக் கிடைக்கும் ஊர். ஆனால் சிகிச்சை முடிந்து எழுந்த ஒருத்தியை வரிசைப்பட்டியலோடு இழுத்துக்கொண்டு ஓடுவதாக இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள். இரண்டு நாளாவது, இரண்டு நாள்! ஒரு வாரமாவது இருங்கள். வாரக் கடைசியைத் தவிர்த்துத் திங்கட்கிழமை போய் இறங்குங்கள்.

மேட்டில் அவரால் ஏற முடியாது, நீங்கள் ஏறுங்கள். ஜூன் மாதம்தான் அங்கே ஆண்டு அஞ்சலி நடக்கும். அவர் அதுவரை அரண்மனைத் தோட்டத்துப் பெஞ்சில் இருக்கட்டும். பக்கத்திலேயே, 1921இல் இந்திய மக்களின் பெயரால் அந்த ஊருக்குக் கொடுத்த கல்வாசல் இருக்கிறது. சாயங்காலம் கடலுக்குக் கூட்டிப்போங்கள். அடி தடித்த செருப்பு வேண்டும், கல் குத்தும். ஜூனிலும் காற்று சில்லென்று இருக்கும், கம்பளிச் சால்வை ஒன்று எடுத்துவையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள், பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே பேசட்டும்.

தங்கை கூப்பிடுகிறாள். சுவரைப் பிடித்து நடக்கவைக்கும் நேரம்.

அன்புடன்