கோத்தகிரி பக்கம் சின்ன பிரைமரி ஸ்கூல் நடத்துகிறோம். அட்மிஷன் குறைகிறது, ஃபீஸ் இழுக்கிறது. டீச்சர்களை எப்படி எடுப்பது, எப்படித் தக்கவைப்பது?

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கட்டுகிற பள்ளி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

15,000 ரூபாய்க்கு ஆள் பேசினால் செலவு 15,000 இல்லை. பி.எஃப்.பில் உங்கள் பங்கும் இன்ஷூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து 13 சதவீதம், 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) மாதம் 720 எடுத்து வையுங்கள். ஆக 18,150 சொச்சம். அதையும் 12 மாதத்துக்குப் போடுங்கள். மே சம்பளத்தை வெட்டுகிற பள்ளி ஜூனில் புது டீச்சரைத் தேடி அலையும்.

வரவுப் பக்கத்தில் வரவேண்டிய ஃபீஸை எழுதாதீர்கள், போன வருஷம் மார்ச்சுக்குள் கைக்கு வந்ததை எழுதுங்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கினால் மூன்றாம் டெர்ம் ஃபீஸ் அப்படியே நிற்கும். ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இலவச சீட்டுக்கு அரசு தர வேண்டிய பணத்தை நம்பி ஒரு போஸ்ட்கூடப் போடக்கூடாது.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வெறும் பி.எட். செல்லாது; 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொடக்கக் கல்வி டிப்ளமோவான டி.எல்.எட்.டும், ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் முதல் தாளில் பாஸும் இருக்கிறதா என்று பாருங்கள். "மலையில் அப்படி ஆள் எங்கே கிடைக்கிறது?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கிடைப்பது கஷ்டம்தான். அதற்காகச் சட்டம் மலையேறி வராமல் இருக்காது.

சமவெளி ஆட்களை மே மாதம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் ஊர் சொர்க்கமாகத் தெரியும். ஆனால் தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையை மறைப்பதால் கோத்தகிரிக்கு ஆடியைவிட ஐப்பசி மழைதான் பலம். துவைத்த சேலை நாலு நாளாகியும் காயாது, பீரோவில் பூஞ்சை பிடிக்கும், சாயங்கால பஸ் வராது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்ப மாட்டார். நவம்பரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாறினால் பெற்றோர் டி.சி. கேட்பார்கள். அதனால் ஆயிரம் ரூபாய் கூட்டித் தருவதைவிட, ஸ்கூலுக்கு நடக்கிற தூரத்தில் ஹீட்டரோடு ஒரு அறை எடுத்துக் கொடுப்பது பலன் தரும். வாடகை ஒப்பந்தத்தை ஸ்கூல் பெயரில், 11 மாதத்துக்குப் போடுங்கள். சீசன் வந்ததும் டீச்சரைக் காலிசெய்யச் சொல்லிவிட்டு டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சமா? ஊரே காட்டேஜ் ஆகிவிட்டது, வாத்தியார் எங்கே குடியிருப்பார்?

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டாதீர்கள். நகல் போதும், இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். கலெக்டர் மழை லீவு விட்ட நாளுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம், ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.