பழைய வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: கேள்வி பதில்

கேள்வி: காயிலின் கரண்டை வெட்டிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் பவர் கூடுமா?

கூடாது. புதுப் பாயிண்ட் போட்டு டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சரியாக வைத்த அன்று வண்டி எப்படி இழுத்ததோ, அப்படித்தான் இழுக்கும். ஆனால் பாயிண்டின் முனை ஓட ஓடத் தீய்ந்து குழி விழும். பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் பகுதியும் தேயும். அதனால் இடைவெளி குறைந்து டைமிங் பின்னால் போகும். மாட்யூலில் உரசுவதற்கு எதுவும் இல்லை, வைத்த டைமிங் அப்படியே நிற்கும். அதற்குத்தான் காசு. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் முதலில் புஷ்ஷை மாற்றுங்கள்.

கேள்வி: மாட்யூல் மாட்டிய அன்றே எரிந்துவிட்டது. காயில் (பேட்டரி வோல்ட்டேஜைப் பொறிக்காக உயர்த்துவது) பழையதுதான். மட்டமான சரக்கா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் காயிலைத்தான் சந்தேகப்படுவேன். ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் காயிலின் பிரைமரிக்கு (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) உள்ள இரண்டு முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். 12 வோல்ட்டில் நேராக ஓடும் காயில் சுமார் 3 ஓம்ஸ் காட்டும். 1.5 ஓம்ஸ் பக்கம் காட்டினால் அது பெரும்பாலும் கரண்டைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு பாயும், சாதாரண மாட்யூல் அதைத் தாங்காது. எவ்வளவு ஓம்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று மாட்யூலோடு வரும் தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம்!

அப்புறம், இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் விட்டு வைத்தீர்களா? சில மாட்யூல்கள் அதிலேயே போய்விடும். பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இணைந்திருக்கும் மிகப் பழைய வண்டி என்றால், அதற்கென்றே செய்த மாட்யூல்தான் வேண்டும்.

கேள்வி: இரிடியம் பிளக் போடலாமா?

போடலாம். நீண்ட நாள் உழைக்கும். இன்ஜினுக்குச் சொன்ன ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டைக் கடத்தும் அளவு) மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் செம்புக் கம்பி உள்ள பிளக் ஒயர் நல்லதா?

பாயிண்ட் வண்டியில் ஓடும். மாட்யூல் வந்த பிறகு வேண்டாம். அதன் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். ரெசிஸ்டர் ஒயர் போடுங்கள்.

கேள்வி: கையோடு பெரிய கார்புரேட்டரும் மாட்ட ஆசை.

அவசரப்படாதீர்கள். முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் துளையில் கம்ப்ரெஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காயிலுக்குப் போகும் சப்ளை ஒயரை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது மாட்யூலும் போகும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அந்த நிலையில் கார்புரேட்டருக்குச் செலவழிப்பது வீண்.

கேள்வி: மாட்யூல் மாட்டியபின் டைமிங் பழைய குறியிலேயே இருக்குமா?

இருக்காது, கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) பிடித்து டைமிங்கைச் சரியாக வையுங்கள். அந்த லைட்டில் ஃபேன் நிற்பதுபோலத் தெரியும், கையை விட்டுவிடாதீர்கள்.