கேள்வி நேரம்: மரம் நட்டால் தண்ணீர் குறையுமா?

கேள்வி: நீலகிரியில் எங்கு பார்த்தாலும் மரம்தான். பிறகு ஏன் கோடையில் பவானிசாகருக்கு வரத்து இப்படிக் குறைகிறது? மரம் இருந்தால் தண்ணீர் இருக்கும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்?
– கோபி வாசகர்

பதில்: என்ன மரம், எதை அழித்துவிட்டு நட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஊட்டி மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் எப்போதும் பசுமையான குட்டை மரங்கள் அடர்ந்த சோலைக்காடு. அந்தப் புல்லை ‘வீண் நிலம்’ என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர் காலம் தொட்டு, சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்கும் ஆலைகளுக்கும் என்று கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) நட்டுத் தள்ளினார்கள். புல்லுக்கு வேர் ஆழமில்லை, பனிக்காலத்தில் காய்ந்தும் போகும், அதனால் அது குடிக்கும் தண்ணீர் கொஞ்சம். கற்பூர மரமோ வருடம் முழுக்கப் பச்சையாக நின்று ஆழத்திலிருந்து உறிஞ்சும், பெய்கிற மழையிலும் ஒரு பங்கை இலையிலேயே பிடித்து ஆவியாக்கிவிடும்.

இது சும்மா ஊர்ப்பேச்சு கிடையாது. நீலகிரியின் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டு மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டு அளந்தார்கள், மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊட்டி மையத்தார். முதல் பத்தாண்டில், புல்லாக விட்டதோடு ஒப்பிட்டால், நட்டதில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டுத் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம்! இந்த மலையில் ஓடும் பைக்காரா ஆறுதான் கீழே மாயாறாகி பவானிசாகருக்கு வருகிறது, ஆகவே இது உங்கள் வாய்க்கால் சமாச்சாரமும்தான். ஆனால் உங்கள் ஊர்ப் பஞ்சம் மொத்தத்தையும் மரத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள், வழியெல்லாம் மோட்டார் போட்டு எடுப்பதும் உண்டு.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஓடையில் முன்பைவிட வெள்ளம் புரண்டு ஓடுகிறதே, அப்போ தண்ணீர் கூடித்தானே இருக்கிறது?
– கோத்தகிரி வாசகி

பதில்: ஓடுவது கூடியிருக்கும், கிடைப்பது கூடவில்லை. சரிவை உழுது கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு, மிச்ச இடத்தில் கான்கிரீட்டும் போட்டால், மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழை மேலோடு ஓடி இரண்டு மணி நேரத்தில் கீழே போய்விடும், கூடவே மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்க் கீழே கொட்டும். மார்ச்சில் ஊற்றாகக் கசிய வேண்டியது அப்படி ஓடிப்போன அந்த மழைத்தண்ணீர்தான். உங்கள் ஓடை மார்ச், ஏப்ரலில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

கேள்வி: அப்படியானால் கற்பூர மரம், சீகை எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே?
– கூடலூர் வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். செங்குத்துச் சரிவில் மொத்தமாக வெட்டினால் அடுத்த தென்மேற்குப் பருவமழையில் மண் கீழே வரும். சீகையை வெட்டினால் மண்ணில் கிடக்கும் விதைகள் எல்லாம் முளைத்து முன்பைவிட அடர்த்தியாக நிற்கும், பிறகு வருடக்கணக்கில் நாற்று பிடுங்க ஆள் வேண்டும். இன்னொன்று, பழைய சீகை நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வருகின்றன, அங்கே கை வைக்காமல் விடுவதே மேல். புல்வெளிக்குள் புதிதாகப் பரவுவதை முதலில் பிடுங்கட்டும்.